அடுத்தவர் தீர்மானம்

"அப்போ உங்கண்ணனை யாரு எழுப்புறது?"

அப்பா பதறிப்போய்க் கேட்டார். மகள் ஒன்றும் வீட்டை விட்டு ஓடிப்போகிறேன் என்று சொல்லிவிடவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றுதான் சொன்னாள்.

வருஷத்தின் முதல் நாள். அந்த வீட்டில் அன்று எல்லோரும் கூடத்தில் கூடி, அந்த வருஷத்துக்கான தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். அப்பா குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடத்திய கூட்டங்களால் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டு அதிகமாக வந்ததில்லை. ஆனாலும் கூட்டம் நடத்தும் ஆசை மட்டும் அவரோடு ஓய்வு பெறவில்லை.

முதல் தீர்மானம் அவருடையது. இனிமேல் சர்க்கரையைத் தொடுவதில்லை. நாலு வருஷமாக ஏகமனதாக நிறைவேறி வரும் தீர்மானம் அது. அதன்படி அம்மா சர்க்கரை டப்பாவை நாளுக்கொரு இடத்தில் ஒளித்துவைக்க வேண்டும். அவர் அதைக் கண்டுபிடித்துத் தின்றுவிட்டால், ஒழுங்காக ஒளிக்காத குற்றத்துக்குத் திட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அண்ணனுடையது. செல்போன் கடையில் விற்பனையாளன். விடிகாலையில் எழுந்து ஓடி உடம்பைக் குறைக்கப் போகிறான். அதாவது, தங்கை அவனுக்கு முன்னால் எழுந்து, அவனை மூன்று தவணையாக எழுப்பி, ஷூவைத் தேடிக் கொடுத்து, திரும்பி வருவதற்குள் உப்பில்லாமல் காய்கறி வேகவைத்து எடுத்துவைக்க வேண்டும். போன வருஷம் அவன் ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் எழுந்த நாட்களுக்குத்தான் காலண்டர் வேண்டும்.

அவளுடைய தீர்மானத்தையும் அப்பாவே சொல்லிவிடுவார். 'இந்த வருஷம் இவளுக்குக் கல்யாணம்.' அதற்காக அவள் இளைக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், போட்டோவில் பல் தெரியாமல் சிரிக்கப் பழக வேண்டும். அம்மாவை யாரும் கேட்பதில்லை. தீர்மானம் சொல்லும் நேரத்தில் அவள் எப்போதும் டீ போட்டுக்கொண்டிருப்பாள்.

இந்தத் தடவை அப்பா வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். அவள் ஒரு பார்சல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஜன்னல் இல்லாத கொட்டகையில் நின்றுகொண்டு, வரும் பெட்டிகளைத் தெருவாரியாகப் பிரித்துப் போடும் வேலை. எல்லாத் தெருவின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வேன் ஓட்டுகிறவர் வேலையை விட்டுப் போகிறார். "மார்ச்சுக்குள்ள லைசென்ஸ் வாங்கிட்டு வா, வேன் உனக்கு. இல்லேன்னா வெளியாளைப் போட்டுடுவேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேன் அவளுக்கு வேண்டும். அதுவரை எதையும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

"நீ எழுப்பாம நான் எப்படி எந்திரிப்பேன்?" என்றான் அண்ணன். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையின் குரல். வயது இருபத்தெட்டு.

"போன்ல அலாரம் இருக்கேண்ணா. போன் கடையிலதானே வேலை பாக்குறே?"

"அடிச்சா அதை அணைக்க ஆள் வேணாமா?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாலு பேர் இருக்கிற வீட்டுல நாம மட்டும் முன்னேறணும்னு நினைக்கிறதுக்குப் பேரு சுயநலம்."

"சரிப்பா. அப்படியே வெச்சுக்கோங்க."

அவர் நடத்திய எந்தக் கூட்டத்திலும் யாரும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை. அதற்குள் டீயோடு வந்த அம்மா, "காலையில பனி இருக்கும். ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விவாதம் அதோடு முடிந்துபோனது.

மறுநாளிலிருந்து அவள் போனாள். ஓட்டக் கற்றுக்கொடுத்த பெண்ணுக்கு அந்த வட்டாரத்தில் பிரேக் அக்கா என்று பெயர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு எல்லோர் உயிரையும் காப்பாற்றுகிறவள். முதல் வாரம் வண்டி விக்கல் எடுத்தபடியேதான் நகர்ந்தது. பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் இவள் திரும்பி, "ஸாரிங்க" என்றாள்.

"அடிக்கிறவன்கிட்டல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருந்தா வண்டி எப்பம்மா போறது? ரோட்டைப் பாரு!" என்று கத்தினாள் பிரேக் அக்கா.

இங்கே வீட்டில் அண்ணனின் ஓட்டம் மூன்றாம் நாளே படுத்துவிட்டது. அம்மாவுக்கும் என்ன தோன்றியதோ, சர்க்கரை டப்பாவை ஒளிக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டாள். "ஒருத்தி வண்டி ஓட்டப் போனதுல எங்க வீட்டுல ரெண்டு பேர் உடம்பு கெட்டுப்போச்சு" என்று அப்பா தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் முறையிட்டார்.

லைசென்ஸ் வந்தது. வேனும் வந்தது. பெயராக மட்டுமே தெரிந்த அந்தத் தெருக்களுக்குள் முதல் முறையாக நுழைந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவும் தம் பேச்சை மாற்றிக்கொண்டார். "நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். பொண்ணுங்க முன்னேறணும் பாருங்க."

அந்த முன்னேற்றத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மாப்பிள்ளை வந்தார், தம் அம்மாவோடு. ஞாயிறும் பார்சல் உண்டு என்பதால் அவள் வேனை வாசலில் நிறுத்திவிட்டு, வேலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வேனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"எம் பையன் இந்த வருஷம் ஒரு தீர்மானம் எடுத்திருக்கான். ஆபீசுக்கு நேரத்தோட போறதுன்னு. ஆனா ரெண்டு பஸ் மாறிப் போகணும், பாவம். இனிமே கவலையில்லை. பொண்ணு தினம் கொண்டுபோய் விட்டுடுவா."

"தாராளமா!" என்றார் அப்பா.

மாப்பிள்ளை அடக்கமாக இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அந்த பிஸ்கட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

"எங்க வேன்ல ஆள் ஏத்துறதில்லைங்க. பார்சல் மட்டும்தான்."

"தமாஷாப் பேசுது பொண்ணு! அப்போ எம் பையன் எப்படிம்மா போவான்?"

"விலாசம் ஒட்டி வாசல்ல வெச்சிடுங்க. வழியில இருந்தா எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அடுக்களை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். எப்படியாவது நிலைமையைச் சமாளிக்க வேண்டுமே என்று அவசரமாகக் கையை ஆட்டி, இன்னொரு தடவை டீ கொண்டுவரச் சொல்லி ஜாடை காட்டினார்.

அம்மா நிதானமாக வந்து, மகள் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தாள். தட்டில் மிஞ்சியிருந்த பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு கப் சேர்த்துப் போடுங்க" என்றாள்.