கடைசிப் பதினாறு பக்கம்

ஒரு பதிப்பகத்தில், படக்கதைப் பலூனுக்குள் வசனம் எழுதும் வேலையில் சேர்ந்து, காமிக்ஸ், சிறுவர் நூல் பிரிவுக்கே தலைவியானவள் நான். யார் சிபாரிசும் இல்லை. வாய் ஒன்றுதான் துணை. அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிடலாம் என்றார் சின்ன முதலாளி. ஓவியரிலிருந்து நான் வரை எல்லோருடைய பிழைப்பும் அதில்தான்.

"இப்பல்லாம் எந்தப் பிள்ளைங்க மேடம் கதை படிக்குது? பயிற்சி நூல் போடுவோம். அதுதான் போணியாகும்."

"ஒரே ஒரு புத்தகம் கொண்டுவரேன். படிச்சுப் பாத்துட்டு மூடுங்க" என்றேன்.

ஓவியரும் நானும் உயிரைக் கொடுத்து அதை உருவாக்கினோம். ஆளில்லாத தீவில், கலங்கரை விளக்கத்தில் தனியே மாட்டிக்கொண்ட ஒரு சிறுமியின் கதை. மாதிரிப் பிரதிகள் கூட்டத்தன்று காலையில்தான் பைண்டரிடமிருந்து சுடச்சுட வந்தன. பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

கூட்ட அறையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். சின்ன முதலாளி கைப்பேசியை நோண்டிக்கொண்டே புரட்டினார். கணக்கு மேலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எதைக் கேட்டாலும் பாதியாக வெட்டுகிறவர் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல்.

அவர்கள் முடிவை நெருங்கியபோது நானும் என் பிரதியின் கடைசியைத் திறந்தேன். விளக்கு அணைந்துவிட்டது, கப்பல் பாறையை நோக்கி வருகிறது, சிறுமியின் கையில் ஒரே ஒரு தீக்குச்சி. அடுத்தது பின்னட்டை! கடைசிப் பதினாறு பக்கத்தைச் சேர்க்காமலேயே தைத்துத் தள்ளியிருந்தார் அந்த பைண்டர் புண்ணியவான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"மீதி எங்கம்மா?" என்றார் கத்தரிக்கோல்.

நிமிர்ந்து பார்த்தேன். சின்ன முதலாளியின் கைப்பேசி மேசையில் குப்புறக் கிடந்தது. அவர் பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் 'தொடரும்' போட்டு வாசகர்களைத் தவிக்கவிட்டே சோறு தின்றவள் நான். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"கப்பல் தப்பிச்சுதா இல்லையா? அதையாவது சொல்லுங்க மேடம்" என்றார் சின்ன முதலாளி.

"பிரிவையே மூடப்போறீங்க. தெரிஞ்சு என்ன சார் பண்ணப்போறீங்க?"

"விளையாடாதீங்க."

"அச்சுக்குப் போகட்டும். தானா தெரியும்."

அவர் என்னை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பிரிவு இருக்கட்டும். எத்தனை பிரதி அடிக்கலாம்?"

மூவாயிரம் என்றால் ஒத்துக்கொள்வார்களா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். கத்தரிக்கோல் முந்திக்கொண்டார்.

"பத்தாயிரம் அடிங்க" என்றார். "முதல் பிரதி எனக்கு."