இடது கையால் எடுத்த காய்

சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பில் ஒச்சம்மாளுக்கு எப்போதும் கடைசி இடம்தான். பின்கதவை ஒட்டிய இடம். ஒவ்வொரு வளைவிலும் ஆளை வெளியே தள்ளப் பார்க்கும். பக்கத்தில் மகள் அனுசியா உட்காருவாள். மற்றப் பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு முன்னால் நெருங்கி உட்காருவார்கள்.

"ஒச்சம்மா எறங்கிட்டா டயருகூடப் பஞ்சராகாதுடி" என்பாள் மொக்கம்மாள். ஜீப்பே சிரிக்கும். ஒச்சம்மாள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் இடது கையால் ஏலக்காய் எடுப்பவள். செடியின் அடியில் தரையோடு கிடக்கும் சரத்தில், குனிந்து, விளைந்த காயை மட்டும் கிள்ள வேண்டும். அவள் குமரியாக இருந்தபோதே வலது உள்ளங்கை சுருங்கிவிட்டது. விரல்கள் விரியாது. அது எப்படிச் சுருங்கியது என்று கேட்டவர்கள் குறைவு. இடக்கையால் எடுக்கிறவள் சூனியக்காரி என்று சொன்னவர்களே அதிகம்.

அவளுடைய பாட்டி ராக்கு, குரங்கணியிலிருந்து கழுதைகளில் மூட்டை இறங்கிய காலத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவள். காட்டுத் தழையை அரைத்துக் கொடுப்பாள். பிழைத்த பிள்ளைகள் எத்தனையோ; இறந்த ஒரு பிள்ளைக்காக, தான் காரணமில்லை என்று கருப்பசாமி கோயிலில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தாள். அம்மா கருத்தம்மா, தோட்டமெல்லாம் அழுகல் நோய் விழுந்த வருசம் அணைத்தாள். ஒச்சம்மாள், யாரோ ஒருவரின் பசுவுக்குப் பால் வற்றியதற்கு அணைத்தாள். மூவர் கையும் வெந்து சுருங்கியது. மூவரும் இடக்கைக்கு மாறினார்கள். சத்தியத்தை ஊர் மறந்துவிட்டது. இடது கையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது.

இந்த வருசம் கோடை முழுக்க மழையில்லை. சரங்களில் பூ கருகியது, தேனீயும் வரவில்லை. பிறகு ஒரேயடியாகக் கொட்டிய மழையில் சரிவெல்லாம் வழுக்கியது. கங்காணி மொக்கச்சாமியின் மருமகள் சுஜாதா மூன்று மாதக் கர்ப்பிணி. கூடையோடு சறுக்கிய அவளை, ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கியவள் அனுசியா. மரத்தடியில் உட்காரவைத்துத் தண்ணீரும் கொடுத்தாள். அந்த வாரமே சுஜாதாவின் கரு கலைந்தது. உடம்பில் ரத்தமே இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஊர் வேறு கேள்வி கேட்டது: அவளைத் தொட்டது யார்?

மொக்கச்சாமி வாசலில் வந்து நின்றார்.

"ஒச்சம்மா, வெள்ளிக்கெழம கோயில்ல ஒம்மக சூடம் அணைக்கட்டும். நான் ஒண்ணும் ஊரை விட்டுப் போகச் சொல்லல."

"நான் அணைக்கிறேண்ணே. இந்தா, இன்னொரு கை நல்லாத்தான இருக்கு."

"தொட்டது நீயா?"

"அவ தொடலேன்னா அந்தப் புள்ள உருண்டு பள்ளத்துல கெடந்திருக்கும்ணே."

"அதைச் சாமிகிட்டச் சொல்லட்டும்." அவர் போய்விட்டார்.

"போலீசுக்குப் போவோம்மா" என்றாள் அனுசியா.

"அவுக வந்து விசாரிச்சிட்டுப் போயிருவாக தாயி. மறுநாக் காலைல ஜீப்பு நம்ம தெருவுல நிக்காது. அப்பறம் எந்தக் கங்காணி நம்மள ஏத்துவான்?"

வெள்ளிக்கிழமை போகும் வழியில் ஒச்சம்மாள் மகளின் காதோடு சொன்னாள்: "எடது கையை நீட்டிரு. சோத்துக்கும் சோலிக்கும் வலது கை மிஞ்சட்டும்." அவளுக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அதுதான்.

கட்டிச் சூடம் எரிந்தது. அனுசியா இடது கையை நீட்டினாள்.

"பாத்தீகளா! எடக்கை நீளுது பாருங்க, ரத்தம் பேசுது!" என்று கத்தினாள் மொக்கம்மாள்.

"சாமிக்கு எடக்கையா நீட்டுறது?" மொக்கச்சாமி அதட்டினார்.

கூட்டத்துக்குள் சுஜாதா மாமியாருக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஒச்சம்மாள் அந்த முகத்தையே பார்த்தாள். சுஜாதா தலையைக் குனிந்துகொண்டாள். அனுசியா வலது கையால் தீயை மூடினாள். சூட மணத்தோடு வேறொரு வாடையும் எழுந்தது. அருவாளோடு நின்ற கருப்பசாமி யாரிடமும் எதையும் கேட்டதில்லை, கேட்டதெல்லாம் மனிதர்கள்தான். அதை அங்கே உரக்கச் சொல்ல ஒச்சம்மாளுக்குத் தைரியம் இல்லை.

திங்கட்கிழமை ஜீப் அவர்கள் தெருவில் வந்து நின்றது. சத்தியத்துக்குக் கிடைத்தது அந்தக் கடைசி இடம் மட்டும்தான். முந்தானைகள் முன்போலவே இழுபட்டன.

தோட்டத்தில் அனுசியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் காயைத் தேடினாள். விளையாத பிஞ்சும் சேர்ந்து வந்தது. "கண்ணு தெரியலையா?" என்று மொக்கச்சாமி திட்டினார். மகளின் இடது கை ஒவ்வொரு சரமாகப் பழகுவதை ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் சில வருசத்தில் அது நன்றாகப் பழகிவிடும். அன்றைக்கு யாரும் சூடத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மத்தியானம் எல்லாரும் மரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்கள். அனுசியா சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இடது கையால் உண்பதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

உடம்பு தேறி அன்றுதான் வேலைக்கு வந்திருந்த சுஜாதா, கூட்டத்திலிருந்து எழுந்தாள். தன் பாத்திரத்தோடு வந்து அனுசியாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரசஞ்சோற்றைப் பிசைந்து உருட்டினாள்.

"வாயைத் தொற."

"ஒங்க மாமனார் பாக்குறாரு, மதினி."

"பாக்கட்டும். நீ வெரசாத் தின்னு."

முதல் கவளத்தை வாங்கும்போது அனுசியாவின் கண் நிறைந்தது. சுஜாதா பாத்திரம் காலியாகும்வரை ஊட்டினாள். தனக்கென்று ஒரு பருக்கைகூட வைத்துக்கொள்ளவில்லை.

ஒச்சம்மாளின் நெஞ்சு குளிர்ந்தது. மறுகணமே மொக்கம்மாள் பக்கத்தில் இருப்பவளிடம் குனிந்து ஏதோ சொல்வதைக் கண்டாள். எல்லாக் கண்களும் இப்போது சுஜாதாவின் வலது கையில் இருந்தன. சோறு ஒட்டிய, சுருங்காத, அழகான கை.

ஒச்சம்மாளால் யாரையும் தடுக்க முடியாது. ஈரமண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அப்பா கருப்பசாமி, இந்தக் கையையாச்சும் காப்பாத்து."

மொக்கச்சாமி விசில் ஊதினார். மூவரும் எழுந்து சரிவில் இறங்கினார்கள். வழுக்கும் இடத்தில் சுஜாதா கை நீட்டினாள். அனுசியா தன் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.