சுவருக்குப் பின்னால் ஒரு மூச்சு

அக்கா சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்தவள் வெளியே வருவதாகவே இல்லை. ஒளிந்தது அக்கா அல்ல, திரையில் இருந்த துப்பாக்கிக்காரன். அவனை ஆட்டுவிக்கும் பொத்தான்கள் அக்கா கையில் இருந்தன. நகரப் பேருந்து ஓட்டுகிற கை. எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வந்தவளைச் சோபாவில் உட்கார வைத்து, "பத்தே நிமிஷம்க்கா, என் பிழைப்பே இதுலதான் இருக்கு" என்று தங்கை கெஞ்சியிருந்தாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஏழு பேர் சேர்ந்து மூன்று வருஷமாகச் செய்த வீடியோ கேம் அது. சுடுகிறவனின் முதுகுக்குப் பின்னால் கேமரா நின்று, அவன் போகிற இடமெல்லாம் கூடவே போகும். அந்தக் கேமரா தங்கையின் பொறுப்பு. எந்நேரமும் ஒருவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஆபீசில் அவளுக்கு 'முதுகு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டின புருஷன் முகத்தைக்கூட அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வெளியாட்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு விளையாடக் கொடுத்தார்கள். ஆறு பேரும் அரைமணியில் கீழே வைத்துவிட்டு "நல்லா இருக்குங்க" என்றார்கள். துணிக்கடையில் எதுவும் எடுக்காமல் எழுந்து போகிறவர்கள் சொல்கிற 'நல்லா இருக்கு'. அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், எதிரிகளை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். விளையாட்டு இரைச்சலானதுதான் மிச்சம். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மூன்று பேர் வருகிறார்கள். இரண்டு பேராவது நேரம் முடிந்தும் விட மனசில்லாமல் ஆடினால் சரி, இல்லையென்றால் மூட்டை கட்டிவிடலாம். இன்று வியாழன்.

"வெளிய வாக்கா. ஒளிஞ்சுக்கிட்டே இருந்தா எப்படி ஆட்டம்?"

"இவன் தயாரா இருக்கானான்னு தெரியலையேடி."

"அவன் பொம்மைக்கா. எப்பவும் தயார்தான்."

"அப்ப நான் எதுக்கு இவனுக்காகப் பயப்படணும்?" அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் வண்டியில ஓடி வந்து ஏறுறவங்களுக்கு மூச்சு வாங்கும். கண்ணாடியில பார்ப்பேன். அது கொஞ்சம் அடங்குனப்புறம்தான் வண்டிய எடுப்பேன். இவன் அத்தனை குண்டுக்குத் தப்பிச்சு ஓடி வந்தான், உசுரு பிழைச்சோம்டான்னு ஒரு பெருமூச்சு விட்டானா? கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கான். அதான் எனக்கும் ஒண்ணும் தோணல."

தங்கை சத்தத்தைக் கூட்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

முன்பு மூச்சு இருந்தது. ஏழு பேரில் ஒருவரான ஒலிக்காரர்தான் பதிவு செய்தார். காசு கொடுத்துக் கூட்டி வந்தவனின் மூச்சு பொய்யாக இருக்கிறதென்று, அவரே அந்த வயசில் ஐந்து மாடிப் படியேறி, மைக்கின் முன்னால் வந்து விழுந்து இரைத்தார். அந்த மூச்சுக்கேற்பக் கேமராவும் ஏறி இறங்கும்படி அவள் செய்திருந்தாள். ஓடும்போது படபடவென்று அடித்துக்கொள்ளும். சுவரோடு ஒண்டியதும் மெல்ல மெல்ல அடங்கும். ஆனால் ஆபீசில் ஏழு கம்ப்யூட்டர்களும் காலையிலிருந்து மாலைவரை நாய் இரைக்கிற மாதிரி இரைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தலைவலி வராது? ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவள்தான் அதை நிறுத்தினாள். தங்கள் கம்ப்யூட்டர்களில் மட்டும் நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே போகிற பிரதியில் நிறுத்திவிட்டாள். பிறகு மறந்தும் போனாள். மற்றவர்களுக்கும் உறைக்கவில்லை. எந்தச் சந்திலிருந்து எந்த எதிரி வருவான் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்கள் யாரும் சுவருக்குப் பின்னால் ஒளிவதே இல்லை. ஒலிக்காரரோ தன் இரைப்பைத் தானே கேட்கக் கூச்சப்பட்டு அந்தப் பக்கமே போகாதவர்.

சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அப்படித்தான் முதலில் நினைத்தாள். ஆனால் எதிரிகளைச் செய்கிற பெண், தன் எதிரிகள்தான் சரியில்லை என்று மூன்று நாளாக ஒழுங்காகச் சாப்பிடாமல் இருக்கிறாள். அந்த முகம் நினைவுக்கு வந்ததும் அவமானமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மூச்சைத் திரும்பச் சேர்த்துவிட்டு, எல்லோரும் வந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"அடிப்பாவி!" என்றார் ஒலிக்காரர். "ஏழு மாசமா என் மூச்சை நிறுத்தி வச்சிருக்கே. அது தெரியாம நான் உசுரோட திரிஞ்சுக்கிட்டு இருக்கேன்."

முதலில் சிரித்தது எதிரிகளைச் செய்கிற பெண்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "பார்க்கலாம்" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்தரை மணிக்கு முதல் ஆள் வந்தார். தபால்காரர், நல்ல ஆகிருதி, நாற்காலி முனகியது. ஆடுகிறவர் அறையில் தனியாக இருக்க வேண்டும், செய்தவர்கள் பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் எங்கே முட்டிக்கொண்டு நின்றாலும் யாரும் வாய் திறக்கக் கூடாது, கதவருகில் போகக் கூடாது. பெற்ற பிள்ளை மேடையில் வசனம் மறந்து நிற்பதைக் கீழே இருந்து பார்க்கிற அவஸ்தை அது. கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. அதற்கு அப்பால் திரையில் துப்பாக்கிக்காரன் முதுகு.

அவன் ஓடினான். குண்டுகள் பறந்தன. தபால்காரர் இடறி, சுவரில் மோதி, எப்படியோ மறைவுக்குள் விழுந்தார். திரையில் அவன் இரைத்தான். ஒலிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கேமரா ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சுடச்சொல்லி எதுவும் துரத்தவில்லை. தபால்காரர் தோள்கள் தளர்ந்து, "அப்பாடா" என்றார், வாய்விட்டு, தனக்கே. பிறகு தலையை மெல்ல நீட்டி எட்டிப் பார்த்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. நான்கு நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. இன்னும் இரண்டு பேர் வர வேண்டும் என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

நேரம் முடிந்ததும் உதவியாளர் கதவைத் தட்டினார். தபால்காரர் திரும்பவில்லை. இடது கையை மட்டும் பின்பக்கமாக உயர்த்தி, "இருங்க, இருங்க, இந்தச் சுவரு வரைக்கும்" என்றார். அவர் மறுபடி ஓடத் தொடங்கினார். முதலாளி கடிகாரத்தைப் பார்க்க மறந்து மூக்கு முட்டும் அளவுக்குக் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். அத்தனை பேரின் மூச்சும் பட்டுக் கண்ணாடி மங்கிப்போனது. தபால்காரர் சுவரை எட்டினாரா இல்லையா என்று பார்ப்பதற்காக, அவள் அவசர அவசரமாகச் சட்டைக் கையால் அதைத் துடைத்தாள்.