பாறையில் புதுக் கறை

மலையடிவாரத்தில் நானும் என் தங்கை புருஷனும் ஆளுக்கொரு ஜீப்பில் பயணிகளை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிறோம். உச்சிப் பாறையிலிருந்து காதலர்கள் குதித்ததாக ஒரு கதை சொல்வேன். நானே கட்டிவிட்டது. போன வாரம் மாப்பிள்ளை அதையே தன் பயணிகளிடம் அளந்துகொண்டிருந்தான்.

"மாப்ள, அது என் கதை."

"ஏன் மச்சான், உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அப்பனை இழுத்ததும் வீல் ஸ்பானரால் மண்டையில் ஒரே போடு. விழுந்தவன் எழுந்து பாய்ந்து என் காதைக் கடித்துத் துப்பினான். பாறையெல்லாம் ரத்தம். பயணிகள் அலறிக்கொண்டே படம் பிடித்தார்கள்.

இன்று தலையில் கட்டோடு புதுக் கூட்டத்தைக் கூட்டிவந்து கறையைக் காட்டினான்.

"இங்கதான் ஒரு ஆளு தங்கச்சி புருஷன்னும் பாக்காம மண்டையப் பொளந்தாரு. அதோ, ஒத்தக் காதோட நிக்கிறாரே, அவர்தான். பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கங்க, கடிக்க மாட்டாரு."