கல்லாகிப்போன பிஸ்கட்

பிஸ்கட் கட்டிலோர மேசைமேல் விழுந்து ‘டொக்’ என்றது. எதிர்ப் படுக்கையில் கண்ணயர்ந்திருந்த அம்மாள் திடுக்கிட்டு விழித்துக்கொண்டாள். அதை மனைவிக்குக் கொண்டுவந்த லென்ஸ்காரருக்கு அந்த இடத்திலேயே மாயமாய் மறைந்துவிடலாமா என்றிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஓவனிலிருந்து எடுத்தபோது விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு மெத்தென்று இருந்த பண்டம் அது. ஆசையாசையாய் டப்பாவில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் நேரத்துக்கு வார்டுக்குள் நுழைந்து திறந்தால், கல். நேற்றும் கல். அதற்கு முந்தின நாளும் கல்.

அதைக் கடிக்க மனைவிக்கு வாய் எங்கே இருக்கிறது? தொண்டைக்குக் கதிர்வீச்சு வைத்ததில் உள்வாய் முழுக்கப் புண். சோறு முள்ளாகக் குத்தியது. கஞ்சி, ஜூஸ், பாலில் ஊறவைத்தது என்று குழகுழவென்று எது போனாலும் குமட்டிக்கொண்டு வந்தது. உடம்பு பாதியாகிவிட்டது. எதைத்தான் சாப்பிடுவாய் என்று எல்லோரும் மாற்றி மாற்றிக் கேட்டதற்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே சுடுவாளே, மெத்தென்று, மென்றால் லேசாக இழுக்குமே, அந்த பிஸ்கட்.

இந்த வாரத்துக்குள் வாயால் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வாரம் நாளையோடு முடிகிறது. குழாய் ஒன்றும் கொலைக்கருவி இல்லை, எத்தனையோ பேர் போட்டுக்கொண்டு நன்றாக வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆனால் அவளுடைய அம்மா திரும்பவில்லை. “எனக்கும் குழாய் போட்டா நான் வீட்டுக்கு வரமாட்டேங்க” என்று அவள் சொன்னதிலிருந்து இவருக்குச் சோறும் இல்லை, தூக்கமும் இல்லை.

அடுப்பங்கரையில் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைத் தவிர வேறு வேலை செய்தறியாத மனிதர். கேமரா லென்ஸ் பழுது பார்ப்பது தொழில். கொழுந்தியாளைப் போனில் பிடித்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். “பழுப்புச் சர்க்கரை போடுங்க அத்தான். நடுவுல வேகாத மாதிரி இருக்கும்போதே வெளியில எடுத்துடுங்க, தட்டோட சூட்டுலயே மிச்சம் வெந்துடும். முக்கியமா டப்பா காத்துப் புகாததா இருக்கணும்.”

டப்பா விஷயத்தில் மட்டும் லென்ஸ்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரப்பர் வளையம் போட்ட தகர டப்பாக்கள் கடையில் வரிசையாக இருக்கின்றன. லென்ஸுக்குள் துளி ஈரம் போனாலும் பூஞ்சை பிடித்துவிடும். ஈரம் அவருடைய பரம எதிரி. புது டப்பா ஒன்றை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கடை டப்பாவுக்கு என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்து பிஸ்கட்டை வைத்தார். திறக்கும்போதும் அதே கவனம். மூடியை நிமிர்த்தி வைத்தால் தூசி உட்காரும் என்று எப்போதும் கவிழ்த்தே வைப்பார். இத்தனைக்கும் பிறகு கல்.

மனைவி பிஸ்கட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளினாள்.

“போதுங்க. இனிமே கொண்டு வராதீங்க.”

“நாளைக்குக் காலையில கண்டிப்பா...”

“நாளைக்குக் குழாயே போட்டுடட்டும். நீங்களும் எவ்வளவுதான் அலைவீங்க?”

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இப்படி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்ட குரலைத்தான் தாங்க முடியவில்லை. அவள் போய்விடுவாள். ஒரு பிஸ்கட் சுடத் துப்பில்லாத ஆளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு, வாயில் ஒரு பிடி இறங்காமலே போய்விடுவாள்.

“எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். “உன் தங்கச்சி சொன்னதுல எதை விட்டேன்? சொல்லு, எதை விட்டேன்?”

குப்பைத்தொட்டியில் கொட்டிவிடுகிற ஆவேசத்தில் டப்பாவை வெடுக்கென்று தூக்கினார். அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்த மூடி நழுவி, அவள் போர்வைமேல் மல்லாந்து விழுந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். உள்பக்கம் நடுவில், டேப் போட்டுக் கச்சிதமாக ஒட்டிய ஒரு வெள்ளைப் பொட்டலம்.

“இது என்னங்க?”

“அதுவா? ஈரத்தை உறிஞ்சற பாக்கெட். லென்ஸ் டப்பாவுல எப்பவும்...”

அதை எப்போது ஒட்டினார் என்று சத்தியமாக அவருக்கு நினைவில்லை. மூடி கண்ணில் பட்டால் பாக்கெட்டை ஒட்டுகிற கை அது, அவரிடம் அனுமதி கேட்கிற வழக்கம் அதற்கு இல்லை. சுட்ட பிஸ்கட்டில் இருந்த ஈரத்தையெல்லாம் தினமும் விடிய விடிய உறிஞ்சக் கொடுத்துவிட்டு, மறுநாள் பூப்போல இவளிடம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிக் குனிந்தார். சிரித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது, வலியில் கண்ணீர் வந்தது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. சிரித்து எத்தனை நாளாயிற்று! லென்ஸ்காரர்தான் அழுதார்.

ஓடிவந்த நர்ஸ் பஞ்சால் உதட்டை ஒற்றிவிட்டுப் போனதும், மனைவி காலையில் தொடாமல் வைத்திருந்த தட்டைக் காட்டினாள்.

“அந்த ரொட்டித் துண்டு ரெண்டையும் டப்பாக்குள்ள வைங்க. பாக்கெட்டைப் பிச்சுப் போடுங்க.”

“ரொட்டியா? ஈரமா இருக்குமே!”

“அந்த ஈரம் பிஸ்கட்டுக்குப் போகும். வீட்டுல நான் எப்பவும் அப்படித்தானே வைப்பேன்? நீங்க பாத்துப் பாத்து ரொட்டியை எடுத்து வெளியில போடுவீங்க. நான் உங்களுக்குத் தெரியாம வேற ஒண்ணு வைப்பேன்.”

அவர் சொன்னபடி செய்து மூடினார். எடுத்துப் பைக்குள் வைக்கப் போனவரை அவள் தடுத்தாள்.

“டப்பா இங்கேயே இருக்கட்டும். உங்க கையை நம்ப முடியாது. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி வந்துடுங்க.”

மறுநாள் காலை அவர் வந்தபோது குழாய் வைத்த ட்ராலி ஏற்கெனவே கட்டிலருகே நின்றிருந்தது. நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். “ஒரு நிமிஷம் பொறும்மா” என்று அவளைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். மனைவி டப்பாவைத் தானே திறந்தாள்.

ரொட்டி இரண்டும் பலகையாய் விறைத்துக் கிடந்தன. அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். மெல்லப் பள்ளம் விழுந்தது. நகத்தளவு கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். முகம் சுருங்கியது. வலிக்கிறது, துப்பிவிடப் போகிறாள் என்று லென்ஸ்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு துளி கிள்ளினாள்.

நர்ஸ் கையுறையைக் கழற்றினாள். ட்ராலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை, சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். “டாக்டர் வந்து பாக்கட்டும். நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா” என்றாள்.

பாதி பிஸ்கட் போனதும் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டை அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது.

“நீங்க கடைசியா எப்போங்க சாப்பிட்டீங்க?”

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே நின்றார். அவள் டப்பாவிலிருந்து காய்ந்த ரொட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க. இருந்த ஈரத்தையெல்லாம் குடுத்துட்டு இதுவும் உங்களை மாதிரியே காஞ்சு கிடக்கு. உக்காந்து தின்னுங்க.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடித்தார். ‘கடக்’ என்ற சத்தத்தில் எதிர்ப் படுக்கை அம்மாள் மறுபடி விழித்துக்கொண்டாள்.

“இன்னைக்கும் கல்லா?”

“இல்லம்மா, இது ரொட்டி” என்றார் லென்ஸ்காரர், வாய் நிறைய வைத்துக்கொண்டு. மனைவியின் கை மறுபடி டப்பாவுக்குள் போயிற்று.