கொக்கலகுக் காய்

பிடித்து இழுத்ததும் மணலை விட்டு நழுவி வருகிறது வேர், விரல் தடிமன், சிவப்பு, கசங்கிய இலையில் எலுமிச்சையும் ரோஜாவும் கலந்த வாசனை, பதினொன்று என்று எண்ணுகிறாள் பிரகாசி, மணப்பாட்டுக்குத் தெற்கே அந்த மணல்மேட்டில் மொத்தமே பதினான்கு செடிகள்தான், கடலோரக் காட்டு ஜெரேனியம், இதுவரை யாரும் கண்டு பெயர் வைக்காத இனம், நாலு வருஷம் வெயிலில் அலைந்து அவள் கண்டாள், கண்டதை ஆய்வு வழிகாட்டி ஜெயசிங்கிடம்தான் முதலில் சொன்னாள், அவர் குடைக்குள் நின்றபடி, ஒண்ணுகூட மிச்சம் வைக்காத, அடுத்த வாரம் நாகர்கோவில் காலேஜ்காரன் இங்க செடி தேடி வாரான் என்றார், செடிக்கு ஒம்பேருதாம்மா என்றும் சொன்னார், அது காதில் இனித்துக்கொண்டிருக்க அவள் பன்னிரண்டாவதைப் பிடுங்குகிறாள், கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி எழுந்து வந்து, ஏட்டி, அது ஒனக்கு என்ன செஞ்சுது, ஒண்ணையாவது விட்டுட்டுப் போயேன் என்கிறாள், பிரகாசி சிரித்தாளா, சிரித்திருப்பாள், பதினான்காவதையும் பிடுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தியதும் அவள்தான், ஐந்து மடலாய்ப் பிரிந்த வட்ட இலை, பிசுபிசுக்கும் ரோமம், வெளிர்சிவப்பில் ஐந்து இதழ், மேலிரண்டில் மட்டும் ஊதா நரம்பு, கொக்கின் அலகுபோல் நீண்ட பச்சைக் காய், எல்லாவற்றையும் அவளே அளந்தாள், அவளே எழுதினாள், கட்டுரையைத் தட்டச்சு செய்ய அவளிடமே கொடுத்தபோது செடிக்கு அவர் மகள் லிடியாவின் பெயர் இருந்தது, பல் மருத்துவம் படிக்கும் பெண், கண்டெடுத்தவர் என்ற இடத்தில் ஜெயசிங், அவள் விரல் நின்றது, என்னம்மா, எழுத்து புரியலையா என்று கேட்டார், புரியுது சார் என்று அடித்து முடித்தாள்.

ஆறு மாதம் கழித்து அவரே போனில் அழைக்கிறார், முற்றிய விதை இல்லாமல் புது இனமென்று ஏற்கமாட்டோம் என்று ஆய்விதழ்காரர்கள் கட்டுரையைத் திருப்பிவிட்டார்களாம், அழுத்தி வைத்ததெல்லாம் பிஞ்சு, மேட்டில் போய்ப் பார்த்தால் ஒரு முளைகூட இல்லையாம், முத்துன காய் பிடுங்கையிலயே வெடிச்சிருக்கும்மா, ஒந்துணியில எங்கயாவது ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் பாரும்மா, ஒண்ணு போதும், முளைக்க வச்சிருவேன், தேடிப் பாக்கேன் சார் என்று வைத்துவிட்டு அன்று உடுத்தி, துவைக்காமலே சுருட்டி வைத்திருந்த பேன்ட்டை எடுத்து உதறினாள், மடிப்பில் இரண்டு விதைகள் துணியைத் துளைத்துக்கொண்டு இருந்தன, ஒவ்வொன்றுக்கும் திருகிய வால், காய்ந்தால் சுருளும், ஈரம் பட்டால் பிரியும், பிரிகிற வேகத்தில் விதை மண்ணுக்குள் இறங்கிவிடும், இனி உலகத்தில் அந்தச் செடி இவ்வளவுதான் என்று தெரிந்தே ஊசியால் நெம்பி எடுத்தாள், அடுப்பில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போடுகிறாள், வால் பிரிந்து சுழல்கிறது, சுழன்று சுழன்று பாத்திரத்தின் அடியைத் துளைக்கப் பார்க்கிறது, ஈரம் தெரிகிறது அதற்கு, சூடு தெரியவில்லை, இரண்டும் அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டுப் போனை எடுத்தாள், ஒண்ணும் இல்ல சார், நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் பிடுங்கிட்டேன்.