பின்னால் ஓடிய பேருந்து

அருள்புரத்தில் கந்தவேலுக்குச் சொந்தமான லைன் வீடுகளில் மூன்றாவது வீட்டில் ரோஸ்மேரி குடியிருந்தாள். அப்பா ஆரோக்கியராஜும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். கணிதத்தில் பட்டம் வாங்கிய ரோஸ்மேரிக்கு ஒரு ஏற்றுமதி கம்பெனியின் ஆபீஸில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு வாசலில் பாய் விரித்துக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள்.

பெருக்கல், வகுத்தல் எதைக் கொடுத்தாலும் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். அதே எண்களை இரண்டு வரி வாக்கியத்துக்குள் வைத்துக் கொடுத்துவிட்டால் போச்சு. “அக்கா, இது கூட்டலா, கழித்தலா?” என்று ஒரே குரலில் கேட்பார்கள். பிங்கி மட்டும் அதைக்கூடக் கேட்கமாட்டாள். அவள் அப்பா பீகாரிலிருந்து வந்து பனியன்களுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டராக இருப்பவர். பிங்கி கணக்கை முழுசாகப் படிக்காமலேயே கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டிவிட்டு முதல் ஆளாகக் கையைத் தூக்குவாள்.

“கூடையில் முப்பது மாம்பழம் இருந்துச்சு. பன்னிரண்டு அழுகிப்போச்சு.”

“நாற்பத்திரண்டு!”

“அழுகினா பழம் கூடுமா பிங்கி?”

“கூடாதா அக்கா?” என்று உண்மையாகவே ஆச்சரியப்படுவாள்.

திங்கட்கிழமை பள்ளியில் வாக்கியக் கணக்குப் போட்டி. அதற்காகச் சனிக்கிழமை மாலை ரோஸ்மேரி ஒரு கடினமான கணக்கைப் பலகையில் எழுதினாள். ஒரு பேருந்து சில பயணிகளுடன் கிளம்பியது. முதல் நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கினர், நான்கு பேர் ஏறினர். இரண்டாம் நிறுத்தத்தில் பாதிப் பேர் இறங்கினர், மூன்று பேர் ஏறினர். இப்போது பேருந்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள். கிளம்பும்போது எத்தனை பேர் இருந்தார்கள்?

“பதினேழு!” என்றாள் பிங்கி.

“கண்டக்டருக்குத் தெரியாதுங்களா அக்கா? அவரையே கேட்டுப்போடலாமுங்க” என்றான் கவின்.

ரோஸ்மேரி விளக்கினாள். படம் போட்டுக் காட்டினாள். வேறு வழியில்லாமல் ‘எக்ஸ்’ என்றுகூட வைத்துப் பார்த்தாள். முன்பின் தெரியாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பிள்ளைகள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் முனீஸ் நோட்டை மூடினான். “எனக்கு இது வராதுக்கா. திங்கக்கிழமை நான் லீவு.”

“படிச்சாத்தானல வரும்! படிக்கவே மாட்டேங்கியே!” என்று ரோஸ்மேரி கத்திவிட்டாள். எப்போதும் “போயிட்டு வாரேன்க்கா” என்று சொல்லிப் போகிற முனீஸ் அன்று எதுவும் சொல்லாமல் எழுந்து போனான். அந்தக் கோபத்துக்கு அவன் காரணமில்லை, தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்பதுதான் காரணம் என்று அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கம்பெனிகளுக்கு லீவு என்பதால் சந்து முழுக்க ஆட்கள். ஒரு பக்கம் பூண்டு உரித்தார்கள், ஒரு பக்கம் தலைக்கு எண்ணெய் தேய்த்தார்கள். ரோஸ்மேரி ஒரு சாக்பீஸை எடுத்து சிமெண்ட் தரையில் நீளமாக ஒரு பேருந்து வரைந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முனீஸைப் போய் அவளே கூட்டிவந்தாள்.

“நேத்து நான் கத்துனது தப்பு முனீஸ்.”

“பரவாயில்லக்கா. எங்கம்மா இதவிடச் சத்தமாக் கத்துவா.”

பலகையில் நேற்றைய கணக்கு அப்படியே இருந்தது. “இன்னைக்கு யாரும் கணக்குப் போட வேண்டாம். கதையை நடத்திக் காட்டுங்க, போதும்” என்றாள்.

கவின் டிரைவர் இடத்தைப் பிடித்துக்கொண்டான். “எத்தன பேர ஏத்தறதுங்க அக்கா?”

“சில பேர்.”

“சில பேர்ன்னா?”

“தெரியாது.”

“தெரியாம எப்படிங்க வண்டிய எடுக்கறது?”

எல்லோரும் பலகையைப் படித்தார்கள். பிங்கியும் முதல்முறையாகக் கடைசி வரி வரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “கடைசியில பத்து பேர்னு தெரியும்ல? அப்ப வண்டி பின்னாடி போகட்டும். நம்ம சந்துக்குள்ள லாரி ரிவர்ஸ்லதானே வருது?”

ரோஸ்மேரிக்குச் சிலிர்த்தது. வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

டிரைவரைத் தவிர பத்துப் பிள்ளைகளும் சாக்பீஸ் பேருந்துக்குள் நின்றார்கள். கவின் ‘பீப் பீப்’ என்று கத்தியபடி வண்டியைப் பின்னால் எடுத்தான். இரண்டாம் நிறுத்தம் வந்தது. அங்கே கடைசியாக ஏறியவர்கள் மூன்று பேர். அவர்கள் பின்பக்கமாகவே நடந்து இறங்கினார்கள். உள்ளே ஏழு பேர்.

“அதுக்கு முன்னாடி பாதிப் பேர் எறங்கிட்டாங்க” என்றாள் பிங்கி.

“அப்ப நாம மிச்சப் பாதி” என்றான் முனீஸ். நெற்றியைச் சுருக்கினான். “நாம ஏழுன்னா, எறங்குனவங்களும் ஏழுதான். அவங்களத் திருப்பி ஏத்தணும்.”

வெளியே நின்றது மூன்று பேர்தான். நான்கு பேர் குறைந்தது. பூண்டு உரித்துக்கொண்டிருந்த முனீஸின் அம்மா நாகஜோதியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். பிங்கியின் அப்பா வந்தார். மாடியில் குடியிருந்த இரண்டு ஒடியா இளைஞர்கள், என்ன ஏது என்று கேட்காமலேயே சிரித்தபடி ஏறிக்கொண்டார்கள். பதினான்கு. முதல் நிறுத்தத்தில் ஏறிய நான்கு பேரை இறக்கினார்கள். பத்து.

“இதுவும் பாதி!” என்று ஐந்தாறு குரல்கள். “இன்னும் பத்துப் பேர் வேணும்!”

இறங்கிய நால்வரும் மறுபடி ஏறினார்கள். ரோஸ்மேரியின் அப்பா, அம்மா, வீட்டுக்காரர் கந்தவேலின் மனைவி நல்லம்மாள், அவர் தங்கை, கீரை விற்க வந்த பெரியவர் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஒரு ஆள் மட்டும் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் கந்தவேல் துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

“ஏனம்மிணி, ஞாயித்துக்கெளமையாச்சும் மனுசன் தூங்க வேண்டாமா? என்ன கூத்து இது?”

பிங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். “ஒரு ஆள் கம்மி மாமா. ஏறுங்க!”

“வண்டி எங்கே போகுது?”

“பின்னாடி போகுதுங்க” என்றான் கவின்.

கந்தவேல் மனைவியைப் பார்த்தார். நல்லம்மாள் பேருந்துக்குள்ளிருந்து, “வாங்க, எடம் இருக்குது” என்றார். அவரும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

பிங்கி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். “இருபது.” எண்ணிவிட்டு, சரியா என்று ரோஸ்மேரியின் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தாள்.

“இருபதுன்னு எப்படி நம்பறது?” என்றார் கந்தவேல். “வண்டிய முன்னால ஓட்டு கண்ணு, பார்க்கலாம்.”

ஓட்டினார்கள். பத்துப் பேர் இறங்க வேண்டிய இடத்தில் கந்தவேல் அசையவில்லை. “நான் பல்லடத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கறேன்” என்று அழுத்தமாகச் சொன்னார். அவருக்குப் பதில் நல்லம்மாள் இறங்கினார். நான்கு பேர் ஏறினார்கள், ஏழு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள். எண்ணினால் சரியாகப் பத்து. சந்தே கைதட்டியது.

ஆனால் முனீஸ் கைதட்டவில்லை. “ஏன்க்கா, வேற நம்பர் வராதா? பதினெட்டுப் பேரோட கெளம்பியிருந்தா?”

“செஞ்சு பாரு” என்றாள் ரோஸ்மேரி.

எல்லோரையும் மறுபடி ஏற்றி, இரண்டு பேரை ஒதுக்கி நிறுத்தினான். பதினெட்டில் பாதி போக ஒன்பது. நான்கு பேர் ஏறப் பதிமூன்று. அடுத்த நிறுத்தத்தில் பாதிப் பேரை இறக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“என்னையப் பாதியா வெட்டிப்போடாதீங்க சாமி” என்று கீரைக்காரர் கும்பிட்டார். முனீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நேற்று நோட்டை மூடிய பையன் இவன்தானா என்று ரோஸ்மேரிக்கே சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை முனீஸ் லீவு போடவில்லை. போட்டியில் முதல் பரிசு பக்கத்து வகுப்புப் பிள்ளைக்குப் போனது. ஐந்து கணக்கில் முனீஸுக்கு மூன்று சரி. பிங்கிக்கு இரண்டு. மூன்றாவதில் கேள்வியை இரண்டு தடவை படித்து வழியைச் சரியாகப் பிடித்துவிட்டு, கடைசியில் கழித்தலில் கோட்டைவிட்டிருந்தாள்.

“கழித்தல் தப்பானா பரவாயில்ல” என்று அவளே சமாதானம் சொன்னாள். “கழிக்கணும்னு கண்டுபிடிச்சேன்ல அக்கா!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மேரி கதவைத் திறந்தபோது பிள்ளைகளோடு சேர்ந்து பெரியவர்களும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பலகையில் எழுதினாள். ஒரு தொட்டியைக் குழாய் இரண்டு மணி நேரத்தில் நிரப்பும். அடியில் உள்ள ஓட்டை, நிறைந்த தொட்டியை நான்கு மணி நேரத்தில் காலி செய்யும். குழாயும் ஓட்டையும் திறந்திருந்தால் தொட்டி எப்போது நிறையும்?

நல்லம்மாளுக்குத் தாங்கவில்லை. “தண்ணி எப்ப வரும்னே தெரியாத ஊர்ல எந்தப் புண்ணியவான் ஓட்டைத் தொட்டில புடிக்கறான்? மொதல்ல அதை அடைக்கச் சொல்லு கண்ணு.”

“அடைச்சுட்டா கணக்கு இல்லையே அத்தை!” என்று பிங்கி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். “இருங்க, நான் சொல்றேன். மொதல்ல கடைசி வரைக்கும் படிக்கணும்.”

ரோஸ்மேரி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அவர்களோடு பாயில் உட்கார்ந்தாள்.